ஒரு பிடி தழை

“ஒரு பிடி மல்லித்தழைக்கு இல்லைன்னு சொன்ன ஆளை எங்கயாச்சும் பாத்திருக்கியா, மருதாயி?”

குப்பை வண்டி வரும் நேரம். வாளியோடு வாசலுக்கு வந்த எதிர்வீட்டு மருதாயியிடம் புவனேஸ்வரி பொருமினாள்.

“யாருடி சொன்னது?”

“வேற யாரு? பக்கத்து வீட்டு ஜன்னத் அக்காதான். கொல்லை பூரா மதமதன்னு நிக்கிது. ரசம் கொதிக்கிதுக்கா, ஒரு பிடி கிள்ளிக்கிறேன்னேன். ‘அது மல்லி இல்ல புவனா, பார்ஸ்னிப்பு’ங்கிறாங்க.”

“என்னது, மாத்திரை பேரு மாதிரி இருக்கு?”

“காரட்டு மாதிரி வெள்ளைக் கிழங்காம். லண்டன்ல ஓட்டல்ல சமைக்கிற மகன் வெதை அனுப்புனானாம். இதோட தழையைத் தொட்டுட்டு வெயில்ல நின்னா கை வெந்துருமாம்!”

மருதாயி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“நம்ம இலுப்பூர் வெயில்ல எதையும் தொடாமலே வேகுது. கால் கிலோ கத்திரிக்கா வாங்குனா கடைக்காரனே மல்லியைச் சும்மா போடுறான். இந்தம்மா கதை கட்டுது பாரு.”

வண்டி வந்து சேர்வதற்குள் செய்தி ஆறு வீட்டுக்குப் போய்விட்டது. அன்றோடு ஜன்னத் பீவிக்கு ‘மல்லி மகராணி’ என்று பெயர் விழுந்தது. வைத்தவள் புவனேஸ்வரி.

ஜன்னத் பீவி முழுக்கைச் சட்டையும் ரப்பர் உறையும் மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினால் போதும். “மகராணி ஆப்பரேசனுக்குக் கெளம்பிட்டாங்க” என்று மாடிக்கு மாடி சிரிப்பு பறக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வேளை. ஜன்னத் பீவி வீட்டுக் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. ஆள் அரவம் இல்லை.

அன்றைக்குப் புவனேஸ்வரிக்கு மல்லி தேவைப்படவே இல்லை. ரசம் வைத்து இறக்கியாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். இரண்டு பிடி நறுக் நறுக்கென்று ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முகர்ந்து பார்த்தால் மல்லி வாசமே இல்லை. “சே!” என்று சாக்கடையில் வீசிவிட்டு, அதே கையோடு மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எல்லாம் நின்று நிதானமாக மடித்து எடுத்து வந்தாள்.

மறுநாள் வலது கை சிவந்தது. அதற்கு மறுநாள் கொப்புளம். விரலிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாக.

“ரசம் கொட்டிருச்சு” என்று புருஷனிடம் சொல்லி வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். உண்மை வெளியே வந்தால் தெருவில் தலை காட்ட முடியுமா? அடுத்தவளுக்குப் பேர் வைத்தவளுக்குத் தெரியாதா, தனக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று?

அடுத்த வாரக் கடைசியில் ஜன்னத் பீவி வீடு வீடாக வந்து கூப்பிட்டார். “கிழங்கு தோண்டப் போறேன். எல்லாரும் வாங்க.”

போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு புவனேஸ்வரியும் போய் ஓரமாக நின்றாள்.

சரளை மண். கடப்பாரையால் நெம்பி நெம்பி எடுக்கவேண்டியிருந்தது. வந்ததெல்லாம் இரண்டு கால், மூன்று கால் முளைத்த வெளுத்த கிழங்குகள்.

“என்னக்கா, காரட்டுக்கு ரத்தசோகையா?” என்றாள் சத்யா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

கூட்டம் சிரித்தது. ஜன்னத் பீவியும் சிரித்தார். “மொளைக்கவே இருபத்தஞ்சு நாளு ஆச்சு சத்யா. அதுலயும் பாதிதான் வந்துச்சு. வேக வச்சுத் தின்னு பாரு, இனிக்கும்.”

ஆளுக்கு இரண்டு கிழங்கு. புவனேஸ்வரியின் முறை வந்தது. இடது கையை நீட்டினாள்.

“என்னடி, பீச்சாங்கையில வாங்குற?” என்று மருதாயி அவள் வலது கையை வெளியே இழுத்தாள்.

“ஐயோ! என்னடி இது?”

“ர... ரசம் கொட்டிருச்சு.”

சத்யா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரசம் கொட்டுன புண்ணு இப்படிக் கோடு கோடாவா இருக்கும்? தழையை வச்சு அச்சு எடுத்த மாதிரில்ல இருக்கு?”

எல்லார் கண்ணும் பாத்திக்குப் போனது. அங்கிருந்து மெல்லப் புவனேஸ்வரிக்குத் திரும்பியது. அவள் கையை வெடுக்கென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அது என் தப்புதான் சத்யா” என்றார் ஜன்னத் பீவி. “அவ பாத்தியில கை வச்சப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். உறை மாட்டாமத் தொடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.”

மருதாயி பிடித்துக்கொண்டாள். “நல்லா இருக்கே நாயம்! தழை குடுக்க மனசு வரல, களையெடுக்க மட்டும் அவ வேணுமா? ஏன்டி புவனா, இந்தம்மாவுக்குப் போயி வேலை பாத்திருக்கியே, ஒன் நல்ல மனசு யாருக்கு வரும்?”

ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். ஜன்னத் பீவி கடப்பாரையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கிழங்கை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது.

புவனேஸ்வரி மட்டும் நகரவில்லை.

“எனக்காக எதுக்குக்கா பொய் சொன்னீங்க?”

“நான் எங்க பொய் சொன்னேன்?” ஜன்னத் பீவி அவள் கையை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். “அன்னைக்கு நீ கிள்ளுறப்ப அடுப்படி ஜன்னல்லதான் நின்னேன். கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் பாத்துட்டது தெரிஞ்சா அப்பறம் நீ என் மூஞ்சியில முழிக்கவே மாட்டியேன்னு பேசாம இருந்துட்டேன். என்னாலதான் ஒன் கை இப்படி வெந்து கெடக்கு, புவனா.”