சண்டை முடிந்ததென்று சொன்னவள்

மூன்றாவது நாளாக மதாம் லெவ்கோவிச் அறைக் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை மாத வெக்கையில் குளிர்கோட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டியபடி. மடியில் கைப்பை. எண்பத்தெட்டு வயதுக் கால்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒட்டி வைத்திருக்கிறார்.

சூப் ஆறிவிட்டது. காலையில் வைத்த பாணும் அப்படியே கிடக்கிறது.

"ஜெகாக்கா, இண்டைக்கும் சாப்பிடேல்லையெண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஏத்துவினம். இந்த உடம்போட அங்க போனா ஆள் திரும்பி வராது," என்றாள் தாதி வினோஜா.

ஜெகதீஸ்வரி சூப்புக் கோப்பையைத் திரும்பவும் மதாமின் பக்கம் நகர்த்தினாள். அவள் வாய் திறந்துதானே இவ்வளவும் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாய் திறந்ததற்கு வேறொரு சீவன் கெடுகிறது.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. ஆனால் இந்த மாடிக்கு மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மதாமுக்கு மறதி நோய் என்று தெரியும். சிறுவயதில், பிரான்சில், யூதப் பிள்ளைகளைத் தேடித்தேடிப் பிடித்த காலத்தில், முன்பின் தெரியாத ஒரு பண்ணைக்காரி அவரை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள் என்றும் தெரியும். நடைவழியில் யாராவது கனத்த சப்பாத்தோடு நடந்தால் போதும், மதாம் இப்போதும் அலுமாரிக்குள் போய்விடுவார். உள்ளே ஒரு மெத்தையைப் போட்டு, எல்லோரும் அவரை அவர்பாட்டில் விட்டிருந்தார்கள்.

மதாமிடம் சொல்லக்கூடாதது என்னவென்று அவருடைய கோப்பில் எழுதியிருந்ததாம். யார் வாசித்தது?

திங்கட்கிழமை அலுமாரியைத் திறந்தபோது அந்த மனுசி இருட்டுக்குள் குந்தியிருந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தார்.

ஜெகதீஸ்வரியும் அப்படி இருந்தவள்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், வெள்ளவத்தையில், எட்டு வயதில். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி அவளுடைய பொட்டை அழித்துவிட்டு, குளியலறைக்குள் விட்டுப் பூட்டினார். நான்காம் நாள் அதே அன்ரி கதவைத் திறந்து, முடிஞ்சுது பிள்ளை, வெளியில வா என்றார். அவருக்குப் பின்னால் அம்மா நின்றாள்.

அந்த ஒரு சொல்லைவிட இனிப்பான சொல்லை ஜெகதீஸ்வரி பிறகு கேட்டதில்லை. அதைத்தான் மதாமுக்கும் கொடுத்தாள். அலுமாரி வாசலில் குந்தி, சண்டை முடிந்துவிட்டது மதாம், வெளியே வாருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

மதாம் வந்தார். வந்ததும் கோட்டைக் கேட்டார். சண்டை முடிகிற அன்றைக்குக் கூட்டிப்போக வருவேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றிலிருந்து இந்தக் கதிரைதான். சாப்பிடச் சொன்னால், அம்மா வந்தபிறகு என்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

மதியம் ரொறொன்ரோவிலிருந்து மகள் எலன் வந்து சேர்ந்தார். அறுபது வயது மனுசி. ஏசினால்கூடத் தாங்கியிருக்கலாம். ஏசவில்லை. ஜெகதீஸ்வரியை நடைவழிக்குக் கூட்டிப்போய், மெல்லிய குரலில் சொன்னார்.

பிரான்சில் அந்த முறையும் இப்படித்தான். சண்டை முடிந்தது என்று யாரோ சொல்ல, ஆறு வயதுப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பண்ணை வாசல் படலையடியில் போய் இருந்திருக்கிறாள். கோதுமை வெட்டி முடிந்த காலத்தில் இருந்தவள், பனி கொட்டும்வரை எழும்பவில்லை. பண்ணைக்காரி சாப்பாட்டைப் படலையடிக்கே கொண்டுபோய்க் கெஞ்சினாளாம். தாயை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்று அப்போதே இரண்டு வருடம். அது அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் போதும் பிள்ளை, அம்மா வரமாட்டா என்று சொல்லவும் ஆளில்லை.

சண்டை இன்னும் முடியவில்லை என்று தானே சொல்லிப் பார்த்ததாக எலன் சொன்னார். அம்மா நம்பவில்லையாம். சொன்னவளே வந்து சொல்லட்டும் என்கிறாராம்.

"ஐயோ கடவுளே, ஒரு பிள்ளையைத் திரும்பவும் அலுமாரிக்குள்ள போ எண்டு நானோ சொல்லுறது?"

ஜெகதீஸ்வரிக்குத் தமிழில்தான் வந்தது. எலனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெகதீஸ்வரி கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். அந்த அன்ரி திறந்த கதவைத் தன் கையால் இழுத்துப் பூட்டுவது போலிருந்தது. அப்படி ஒரு பாவத்தை வேறு யாராவது செய்யட்டும் என்று எழும்பி ஓடத் தோன்றியது. மதாமின் உதடுகள் தண்ணீர் காணாமல் வெடித்திருந்தன. அதைப் பார்த்தபின் ஓட முடியவில்லை.

"மன்னித்துவிடுங்கள் மதாம். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். சண்டை இன்னும் முடியவில்லை."

அழுவார், அல்லது பயந்து ஒடுங்குவார் என்றுதான் நினைத்தாள். மூன்று நாளாக இறுகியிருந்த மதாமின் தோள்கள் மெதுவாக இறங்கின.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

மதாம் சிரித்தார். இந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்து ஜெகதீஸ்வரி பார்த்ததில்லை.

"அப்படியென்றால் அம்மா பிந்தவில்லை," என்றார்.

சொல்லிவிட்டு, கோட்டின் மேல் பொத்தானைத் தானே கழற்றி, சூப்புக்கு வாயைத் திறந்தார்.