செண்பகத்தோப்பில் கயிறிழுப்பு

"தேரன்னைக்கு லீவுன்னு எவனாவது எம் மேசைப் பக்கம் வந்தீங்க, கால ஒடிச்சுப்புடுவேன். மில்லு ஓடணும். அம்புட்டுத்தான்!"

மேலாளர் சௌந்தரபாண்டியன் இவ்வாறு முழங்கிய இடம் மில் அன்று. செண்பகத்தோப்பின் மாமர நிழல். இராஜபாளையத்து நூல் மில்லொன்றின் தொழிலாளரும் அலுவலகத்தாரும் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே உல்லாசப் பயணம் வந்திருந்தனர். முழங்கி முடித்ததும் அவர் விசிலை மீண்டும் வாயில் கவ்விக்கொண்டார். அன்றைய விளையாட்டுகள் அனைத்திற்கும் அவரே நடுவர்.

ஏற்பாடு முழுவதும் சின்ன முதலாளி ராஜரத்தினத்தினுடையது. வெளிநாட்டில் நிர்வாகப் படிப்பை முடித்துவிட்டு அந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில்தான் அவர் ஊர் திரும்பியிருந்தார். சேர்ந்து விளையாடினால் ஒற்றுமை வளரும் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

முதல் விளையாட்டுக்கு 'நம்பிக்கை' என்று பெயர். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்புறமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்போர் அவரைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கேன்டீன் பால்ச்சாமி நம்பிச் சாய்ந்த அதே நொடியில், புளியோதரை அண்டாவின் மூடியை யாரோ திறந்துவிட்டார்கள்.

"ஒத்துமை நல்லாத்தான் வளந்திருக்கு," என்று இடுப்பைப் பிடித்தவாறு எழுந்தார் பால்ச்சாமி. "ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாப் பயலும் ஒண்ணாவுல்ல ஓடியிருக்கானுவ!"

இறுதியாக வந்தது கயிறிழுப்பு: மில்காரர் ஒருபுறம், அலுவலகத்தார் மறுபுறம். மேஸ்திரி சமுத்திரம் துணிவை வரவழைத்துக்கொண்டு சின்ன முதலாளியின் முன் போய் நின்றார்.

"ஐயா, நாங்க செயிச்சா ஆண்டாள் தேரன்னைக்கு லீவு தரணும். போன வருசம் வடம் புடிக்க வரலன்னு எம் பொஞ்சாதி ஒரு மாசம் ரசத்துல உப்பே போடல. இந்த வருசமும் வரலன்னா ரசமே கெடையாதுன்னுட்டா."

ராஜரத்தினத்திற்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. நீங்க ஜெயிச்சா எல்லாருக்கும் லீவு. தோத்தா, லீவுங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

அலுவலக அணியின் தலைவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வாட்ச்மேன் சங்கிலிப்பாண்டி. அவ்வணிக்கு ராஜரத்தினமே வெளிநாட்டு முறையைக் கற்பித்தார். அதன்படி அவர்கள் எதிரணியை நேருக்கு நேர் பார்த்து, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தனர். மில்காரர்கள் அறிந்ததோ ஒரே முறைதான். எதிரணிக்கு முதுகைக் காட்டி, தேர் வடத்தைப் போலக் கயிற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டனர். ஆகவே, இரண்டு அணியினரும் ஒரே திசையைப் பார்த்து நிற்க நேர்ந்தது.

"ஏலே, கயித்த இழுக்கச் சொன்னா ஊரப் பாத்துல்ல கெளம்புறீய!" என்று நகைத்தார் சங்கிலிப்பாண்டி.

"நீங்க இழுங்கண்ணே! ரசத்த நெனச்சுக்கிட்டு இழுங்க!" என்று ஓரத்தில் நின்ற நூற்புப் பகுதி நாச்சியார் சமுத்திரத்துக்கு ஊக்கமளித்தாள்.

விசில் ஒலித்தது. சங்கிலிப்பாண்டியின் அணி பாறையைப் போல் நின்றது. சமுத்திரத்தின் கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னோக்கிச் சறுக்கின. இன்னும் ஒரு முழம் சறுக்கினால் தேரும் இல்லை, ரசமும் இல்லை.

அப்பொழுது தோப்பே அதிரும்படி ஒரு குரல் எழுந்தது.

"கோவிந்தா...!"

"கோவிந்தா!" என்று அத்தனை தொண்டைகளும் பதில் கொடுத்தன. சிறு வயதிலிருந்தே தேரிழுத்துப் பழகிய கைகள், இப்போது எந்த அணியில் இருக்கிறோம் என்று யோசிக்கவில்லை. காசாளர், கணக்கர், சங்கிலிப்பாண்டி அனைவரும் கயிற்றைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, முகம் பார்த்த திசையிலேயே பாய்ந்தனர். எல்லைக் கோட்டைக் கடந்தும் எவரும் நிற்கவில்லை. பின்னால் தேர் ஏதும் வரவில்லை என்பது, முன்னால் சென்ற சமுத்திரம் தோப்பின் ஓரத்து ஓடைக்குள் விழுந்த பிறகே அவர்களுக்கு உறைத்தது.

"விசில் ஊதுங்க மேனேஜர்!" என்று கூவினார் ராஜரத்தினம்.

சௌந்தரபாண்டியன் தடுமாறி, மார்பில் ஊசலாடிக்கொண்டிருந்த விசிலைத் தேடி எடுத்து ஊதினார்.

"ஏன்யா, நீங்க எந்தக் கட்சிய்யா?" என்று சங்கிலிப்பாண்டியைப் பிடித்துக்கொண்டார் சின்ன முதலாளி.

"கோவிந்தான்னு கேட்டா காலு நிக்க மாட்டேங்குதுய்யா. பட்டாளத்துல இருந்தப்பவே இந்தக் கொறை உண்டு."

ராஜரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். "சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன். லீவு உண்டு. ஆனா கத்துன ஆளுக்கு மட்டும் கிடையாது. தேரன்னைக்கு அவர் தனியா மில்லுல உக்காந்திருக்கணும். யாருன்னு கண்டுபிடிங்க மேனேஜர்!"

சௌந்தரபாண்டியன் அனைவரையும் வரிசையில் நிறுத்தினார். மீசையை முறுக்கியபடி ஒவ்வொரு முகமாக முறைத்துக்கொண்டே சென்றார். பால்ச்சாமி மீது ஐயம் எழுந்தது; எனினும் அவர் வாய் நிறையப் புளியோதரை இருந்தமையால் விடுவிக்கப்பட்டார். எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலையில் பேருந்து புறப்பட்டபோது, மேலாளருக்கு அருகில் மட்டுமே இடம் இருந்தது. சமுத்திரம் ஈர வேட்டியோடு அங்கே ஒடுங்கி உட்கார்ந்தார்.

"சார், கத்துனது நம்மாளு எவனோ ஒரு புண்ணியவான். தெரிஞ்சாலும் காட்டிக் குடுத்துராதீய. தேரன்னைக்கு ஒத்தையில மில்லுல கெடக்கிறது பெரிய பாவம் சார்."

"செத்த தண்ணி இருந்தாக் குடும்," என்றார் மேலாளர். குரல் வெளியே வராமல் கரகரத்தது.

சமுத்திரம் பதறிப்போய்ச் செம்பை நீட்டினார். "காலையிலருந்து விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போச்சே சார்!"

சௌந்தரபாண்டியன், முன் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த சின்ன முதலாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு சமுத்திரத்தின் காதருகே குனிந்தார்.

"விசில் ஊதுனா தொண்டை கட்டாதுவே."