தேவதாஸின் முட்டி

“டேய் நொண்டி! முட்டி எப்படிடா இருக்கு? இன்னிக்கி எவ்ளோ குடுத்தான்?”

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கிரி கத்தினான். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் பக்கிரியின் வாயைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

திட்டு வாங்குகிற தேவதாஸ் ஆடக்கூட இல்லை. மில் டீமின் பழைய கோல்கீப்பர். இப்போது பெஞ்ச் ஓரத்தில் பந்துப் பைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான். திரும்பியும் பார்க்கவில்லை.

வேலியோரம் நின்று ராஜாங்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜாங்கம் பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிற ஆள். பன்னிரண்டு வருஷமாக மில் டீம் ஆடிய ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. சொந்தத் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறிய கையோடு மைதானத்துக்கு ஓடி வந்துவிட்டு, பெண்டாட்டி ஜெயத்திடம் ஒரு மாசம் பேச்சு வாங்கியவன். எல்லாம் தேவதாஸ் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்க்கத்தான்.

அப்பேர்ப்பட்ட ராஜாங்கத்தையே தேவதாஸ் போன வருஷம், எண்பதாம் வருஷ பைனலில் கவிழ்த்துவிட்டான்.

மில் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இருபது நிமிஷம். பக்கத்தில் எதிராளி ஒருத்தன்கூட இல்லாத நேரத்தில் தேவதாஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்று கோல்கீப்பராகப் பக்கிரியின் மகன் வடிவேல் இறங்கினான். பாவம், அந்தப் பிள்ளைக்குப் பந்து கைக்குச் சிக்கவில்லை. இரண்டு கோல் விட்டான். கப்பு போச்சு.

மறுநாள் காலை மார்க்கெட் வாசலில் தேவதாஸ் சைக்கிளில் போனான். பின்னால் பெண்டாட்டி, முன்னால் அரிசிப் பை. ஜம்மென்று மிதித்துக்கொண்டு போனான். ராஜாங்கம் தன் கண்ணாலேயே பார்த்தான்.

ஆத்திரத்தில் அதை டீக்கடையில் சொன்னவனும் அவன்தான். பத்தே நாளில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. தேவதாஸ் எதிராளியிடம் காசு வாங்கிவிட்டான்! டீமிலிருந்து எடுத்து, பந்துப் பை சுமக்க விட்டுவிட்டார்கள்.

“எம் புள்ளைய மாட்டி வுட்டுட்டு நாடகம் ஆடுனவன்டா இவன்!” என்று அன்றைக்கு ஆரம்பித்தான் பக்கிரி. இன்னும் ஓயவில்லை. அட, திட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இடைவேளையில் பக்கிரி குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினான். உருட்டி வீசினான். அது தேவதாஸின் கன்னத்தில் போய் அப்பியது. கூட்டம் விசில் அடித்தது.

தேவதாஸ் எழுந்து குழாயடிக்குப் போனான். ராஜாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனான்.

“தேவதாஸு, ஒன்னே ஒன்னு கேக்கறேன், உண்மைய சொல்லு. எம் புள்ளைங்க மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். காசு வாங்கினியா?”

“இல்லண்ணே.”

“அப்ப முட்டி?”

“முட்டிக்கு ஒன்னும் இல்லண்ணே. நல்லாத்தான் இருந்திச்சி.”

ராஜாங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடப்பாவி! அப்பறம் எதுக்குடா வுழுந்த? பன்னெண்டு வருஷம் ஒனக்காகத் தொண்ட கிழியக் கத்தினேனே!”

தேவதாஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“சத்தியம் பண்ணியிருக்கீங்க. வடிவேலு பொழப்புல மண்ணு வுழுந்துடக் கூடாது. பைனலுக்கு மொத நாளு பக்கிரியண்ணன் எங்க வூட்டுக்கு வந்தாரு. மில்லுல ஆட்டக்காரங்களுக்குன்னு ஒரு வேல காலி. டீம்ல பேரு இருந்தா மட்டும் பத்தாது, ஒரு ஆட்டமாவது எறங்கி ஆடியிருக்கணும். வடிவேலு மூணு வருஷமா பெஞ்ச்சுலயே ஒக்காந்திருக்கான். நான் கோல்ல நிக்கற வரிக்கும் அவன் எப்படிண்ணே எறங்குவான்? அந்த பைனல வுட்டா வேற ஆட்டமும் இல்ல.”

“அதுக்கு?”

“பக்கிரியண்ணன் என் கால புடிச்சிக்கினு அழுதாருண்ணே. ஒரு கோல் முன்னால இருக்கறோம், இருவது நிமிஷந்தானே, பையன் தாங்கிடுவான்னு நெனச்சிட்டேன். தப்புதான்.”

ராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டினான்.

“யாரு, பக்கிரியா? கால புடிச்சவனா இந்தப் பேச்சு பேசறான்? இப்பவே போயி அவன் நாக்க...”

தேவதாஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வேணாண்ணே. நான்தான் திட்டச் சொன்னேன். எனக்குப் பதிலா எறங்குனது அவரு புள்ள. அவரு வாய மூடிக்கினு இருந்தா, ரெண்டு பேரும் பேசி வெச்சி செஞ்சதுன்னு எவனுக்காவது தோணிடும். வந்த வேல போயிடும். அதான், பையன் கைக்கு வேல ஆர்டர் வர்ற வரிக்கும் நீங்களே மொத ஆளா நின்னு திட்டுங்கன்னேன்.”

ராஜாங்கத்துக்கு, அந்த சைக்கிள் கதையை ஊருக்கெல்லாம் பரப்பிய தன் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

“என்ன மன்னிச்சிடுப்பா” என்றான்.

வேலிப் பக்கத்திலிருந்து பக்கிரியின் குரல் வந்தது. “எங்கடா போயி ஒளிஞ்சிக்கின, திருட்டு நாயே! வெளிய வாடா!” கூட்டம் ஹோவென்று சிரித்தது.

“சரி, நல்ல காரியத்துக்குத்தானே. இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கினு பொறுத்துக்க” என்று ராஜாங்கம் அவன் முதுகைத் தட்டினான். “அந்த ஆர்டரு எப்ப வருமாம்?”

தேவதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஆர்டரு வந்து ஏழு மாசம் ஆவுதுண்ணே.”