பசியறியாப் போராளி

முழுங்கச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடைக் களை இன்னும் குறையவில்லை, என்று நினைத்துக்கொண்டாள் மனைவி.

அவர் தாடைக்கு அடியில் பசை பூசியிருந்தார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண் அதன்மேல் கருவியை அழுத்திப் பிடித்திருந்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ நெளிந்தது.

“இந்தக் கறுப்பு நிழல் தொண்டை எலும்போடதும்மா. முழுங்குறப்ப முன்னால ஏறணும்.”

ஏறவில்லை. வாயில் விட்ட ஒரு ஸ்பூன் தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வந்தது.

அவள் பதறவில்லை.

அவர் இருந்த உண்ணாவிரதம் எல்லாம் அவளுக்குத் தெரியும். சுவரொட்டியில் ‘பசியறியாப் போராளி’ என்று போடுவார்கள். பந்தலுக்குப் பின்னால், வேனுக்குள், அந்தப் போராளிக்கு இட்லி ஊட்டியவள் அவள்தான். சட்னி வேண்டாம், வாய் மணக்கும் என்பார்.

மகள் வெண்மதி, கூட வேலை பார்க்கும் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்ன மறுநாள் தட்டைத் தள்ளிவைத்தார். சாதி ஒழிப்பு மாநாடுகளில் அவர் பேச்சுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டி வளர்ந்த பெண்.

முதலில், கூடையில் வாழைப்பழம் ஓசைப்படாமல் குறைந்தது. பிறகு அதுவும் குறையவில்லை. கேட்டால், “இறங்கல” என்றார்.

ஆள் தொழிலில் தேறிவிட்டார்.

வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோதும் அவள் அப்படித்தான் நினைத்தாள்.

“இன்னொரு வாட்டி ஐயா.”

நிழல் லேசாக நடுங்கியது. அங்கேயே நின்றது.

அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

“போதுங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க. அந்தப் பையன் வேணாம்னு வெண்மதிகிட்ட நானே சொல்லிடறேன். இப்ப முழுங்குங்க.”

அவர் கண் திறந்தது. பந்தலில் பழச்சாறு நீட்டப்படும்போது முகத்தில் வருமே, அதே மலர்ச்சி. தலையாட்டினார். ஸ்பூனைத் தானே வாங்கிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க முழுங்கினார்.

நிழல் நகரவில்லை.

இருமினார். மலர்ச்சி போய்விட்டது. அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் எந்த மேடையிலும் கண்டதில்லை.

சட்டென்று திரையின் பக்கம் திரும்பினாள்.

“இந்த மிஷின்ல ஏதோ கோளாறும்மா.”

அந்தப் பெண் கருவியைத் துடைத்தாள். புதிதாகப் பசை பூசி, தன் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.