அந்த நாலு நிமிஷம்

"மேடம், இங்கேருந்து நீங்க இறங்குற ஊரு இருநூத்திப் பத்து கிலோமீட்டர். மத்த பைலட் எல்லாம் முப்பத்தெட்டு நிமிஷத்துல போய் இறங்குறாங்க. காலை ஆறு மணி ட்ரிப்ல உங்களுக்கு மட்டும் நாற்பத்திரண்டு. அந்த நாலு நிமிஷம் எங்க போகுது?"

கேட்டவர் அந்தச் சின்ன விமான நிலையத்தில் நேரப் பதிவு எழுதுகிறவர். அரை நிமிடம் பிசகினாலும் விடமாட்டார். ஆபீசில் அவருக்குப் பேரே 'கடிகாரம்'தான்.

கேப்டன் அம்மா தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏரி வரைக்கும் நேரா போய், அப்புறம் திரும்புறேன் தம்பி. டவர்ல கேட்டுட்டுத்தான்."

"கிளம்பின உடனே ஊர் மேல திரும்பினா குறுக்கு வழியாச்சே! மூணு மாசமா எதுக்கு இந்தச் சுத்து?"

"காலையில ஏரி அழகா இருக்கும்." சிரித்தார். "அதை விடுங்க, பாப்பா எப்படி இருக்கா?"

பேச்சை மாற்றுகிறாராம்! கடிகாரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ இருக்கா நல்லா. மேனேஜர் காரணம் கேக்கிறார், நாளைக்கு நான் எழுதிக் கொடுக்கணும். பெரிய விமானம் ஓட்ட உங்க பேரு சிபாரிசுல போயிருக்கு. இதுல ஏடாகூடமா ஏதாவது இருந்தா பேரை அடிச்சுடுவாங்க, தெரியுமில்ல?"

கேப்டன் அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. பதினோரு வருஷமாக அவர் காத்துக்கிடந்தது அதற்குத்தான்.

"தெரியும் தம்பி. உங்களுக்குச் சரின்னு படறதை எழுதுங்க."

அவர் போனதும் கடிகாரம் படிவத்தை இழுத்து எழுதினார். 'காரணம்: வேடிக்கை பார்ப்பது.' நூறு பேரை ஏற்றிக்கொண்டு ஏரி பார்க்கிறாராமே, நல்ல கூத்து! மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி கேட்டாள்.

"ஏங்க, உங்க ஆறு மணி விமானத்தை நிறுத்திட்டாங்களா?"

"தினம் போகுதே. நாலரைக்கே எழுந்து டூட்டிக்கு ஓடுறது பின்ன எதுக்காம்?"

"அப்படியா? முன்னெல்லாம் நம்ம மொட்டை மாடியை உரசிக்கிட்டுப் போகும். விடிய விடிய அழுதுட்டு அப்பதான் கண்ணசந்திருப்பா உங்க மக. அந்தச் சத்தத்துல வீறிட்டு எழுந்திருப்பா. நானும் கூடச் சேர்ந்து அழுவேன், மறந்துட்டீங்களா? இப்ப சனி, ஞாயிறு மட்டும்தான் தலைக்கு மேல வருது. மத்த நாள்ல ரெண்டு பேரும் ஏழு மணி வரைக்கும் நிம்மதியா தூங்குறோம். யாரு புண்ணியமோ!"

கடிகாரம் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. சனி, ஞாயிறு கேப்டன் அம்மாவுக்கு வார விடுமுறை.

மூன்று மாதத்துக்கு முன்னால் கேன்டீனில், தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்து, கேப்டன் அம்மாவிடம்தான் கடிகாரம் புலம்பியிருந்தார். "கைக்குழந்தை இருக்கிற வீட்டு மேலயே போறீங்களே மேடம், கொஞ்சம் தள்ளிப் போகக்கூடாதா?" என்று. கேட்டவருக்கே அது மறந்துபோயிருந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று வந்தது அவருக்கு.

"காபி ஆறுதுங்க."

"இரு, வரேன்."

பையிலிருந்த படிவத்தைப் பிரித்து, எழுதியிருந்ததை அழுத்தி அடித்தார். பக்கத்தில் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'காரணம்: என் மகள் தூங்குவதற்காக. கேட்டுக்கொண்டவன் நான்.'