வயிறு வீங்கிய மீன்

வீட்டுத் தொட்டியில் நீல மீன் வயிறு வீங்கி மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

"இந்த ஆப்பிரிக்க சிக்லிட் பாசி தின்கிற மீனு. யாரோ கண்டதையும் போட்டிருக்கீங்க," என்றார் பார்க்க வந்த மீன்கடைக்காரர்.

"தீனி போடுறது மெஷின்தான். நாங்க யாரும் தொடுறதே இல்ல," என்றான் கணவன்.

"மாமாவும் ஆபரேஷனுக்கப்புறம், நான் குடுக்கிற அவிச்ச முட்டையை மிச்சமில்லாம சாப்பிட்டுட்டு, தானுண்டு தன் பேப்பருண்டுன்னு இருக்கார்," என்றாள் மனைவி.

"மீனையே கேட்போம். தீனி போடுற ஆளைக் கண்டா ஓடி வரும். முன்னால வந்து நில்லுங்க."

கணவன் நின்றான். மனைவி நின்றாள். மீன்கள் கண்டுகொள்ளவே இல்லை.

பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமனார் நழுவப் பார்த்து, நைசாக எழுந்து தொட்டியைக் கடந்தார். அத்தனை மீனும் பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டின.

"மீனைப் பட்டினி போட்டு, இந்த மருந்தைத் தண்ணியில கலக்குங்க. சரியாயிடும்," என்றார் கடைக்காரர்.

"எனக்கும் அதே வைத்தியம் பாருங்களேன்," என்று முனகினார் மாமனார்.

"உங்களுக்கு இனிமே ரெண்டு முட்டை மாமா. என் கண்ணு முன்னால!"