மாதிரிக்கு வைத்த பெயர்

கடல் ஊருக்குள் வந்துபோய்ப் பன்னிரண்டு நாள். தன்னாமுனைப் பள்ளிக்கூட முகாமில் ஜெனரேட்டர் உறுமுகிறது. வாவிப் பக்க ஜன்னலின் வெயிலில் கணினித் திரை வெளிறிக் கிடக்கிறது. காணாமற்போனோரைப் பதியும் இஷாமுக்குப் பின்னால், கொப்பியும் பேனையுமாக வதனி இருக்கிறாள். அந்தக் கணினிப் பதிவேட்டை அவன், அவள் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்பை வைத்துத்தான் உருவாக்கியிருக்கிறான். அதில் நிரலாளர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கவே கொழும்பிலிருந்து வந்திருக்கிறாள். எதிரே, பால் கசிந்த சட்டையைச் சேலையால் மூடியபடி ஒரு தாய். “புள்ளைட பேர்?” என்கிறான் இஷாம். “இன்னும் வைக்கல்ல தம்பி. பிறந்து முப்பத்தொண்டாம் நாள்தான் வைக்க இருந்தம்.” அவன் விரல்கள் தயங்காமல் ‘வதனி’ என்று தட்டுகின்றன. வதனியின் பேனை நிற்கிறது. “ஏன் அந்தப் பேர்?” “பேர் இல்லாட்டி உங்கட தொகுப்பு பதிய விடுதில்ல, மிஸ். விளக்கக் குறிப்பில மாதிரிக்கு இந்தப் பேர்தானே கிடக்கு. பேர் வைக்காத புள்ளையளுக்கெல்லாம் இதத்தான் போடுறன்.” பட்டியலை உருட்டிக் காட்டுகிறான். வதனி, வதனி, வதனி, பதினொரு வதனி. பின்னாலிருந்து அவள் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டுகிறாள். தாய் எட்டித் திரையைப் பார்க்கிறாள். உதடுகள் மெல்ல எழுத்துக் கூட்டுகின்றன.

“நல்ல பேர். அழிச்சிப் போடாதங்க, தங்கச்சி.”